வேலிக்கு உள்ளே கிணறு

எழுதிக்கொள்ளும் ராயசம் அய்யா.
பெயர் எல்லம்மை. புருஷன் பெயர் தாண்டவன்.
ஊர் என்று கேட்டால் என்ன சொல்ல,
நாங்கள் போனபோது அங்கே ஊர் இல்லை.
நுங்கம்பாக்கம் ஏரி முடிந்து
ஈச்சம்புதர் தொடங்கும் இடம்.
அதற்கு மேற்கே நரி.

பத்து வருஷம் வரி இல்லை என்று தமுக்கடித்தார்கள்.
நம்பி வந்தது மூன்று குடி.
ஒன்றைப் பாம்பு எடுத்தது, ஒன்றைக் காய்ச்சல்.
மிச்சம் நாங்கள்.
கிணறு வெட்டினோம்: அவர் கீழே, நான் மேலே.
ஒவ்வொரு கூடை ஏறும்போதும்
"இன்னும் எத்தனை?" என்பார் உள்ளிருந்து,
எனக்குத் தெரியும் என்பதுபோல.
பதினாலாம் முழத்தில் கேட்கவில்லை.
சிரிப்பு மட்டும் ஏறி வந்தது.
கால் நனைந்துவிட்டது.

குதிரைகள் வந்தது ஆடிக் கடைசி,
எள் காய்ந்துகொண்டிருந்த மத்தியானம்.
முதலில் தூசி. பிறகு பரங்கிமலைப் பக்கம் புகை.
வெண்கலப் பானையை, கருக்கரிவாளை,
ஏனென்று தெரியாமல் உலக்கைப் பூணையும்
கிணற்றில் போட்டேன்.
என்னைப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.
அதைத்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள்.

அவரை எள்ளின் மேலேயே விட்டுப்போனார்கள்.
என்னை மாடுகளோடு கட்டினார்கள்.
மாடுகளுக்கு லாடம் இருந்தது.

காஞ்சிபுரம் வரை அழுதேன்.
செங்கம் கணவாயில் அழுகை நின்று பசி வந்தது.
மீசை முளைக்காத ஒரு குதிரைக்காரப் பையன்
தன் பங்கு மோரைத் தந்தான்.
என் கூரைக்குத் தீ வைத்தவனும் அவன்தான்.
இரண்டையும் எழுதும். ஒன்றை மட்டும் எழுதாதீர்.

சீரங்கப்பட்டணத்தில் பன்னிரண்டு வருஷம்
கேழ்வரகு அரைத்தேன், லாயத்துக்குக் கொள் புடைத்தேன்.
சொற்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன, பால்பல் போல.
தண்ணீர் போய் நீரு முளைத்தது.
"நின் ஹெசரேனு?" என்றால்
கொஞ்சம் யோசித்துத்தான் பெயர் சொன்னேன்.

லாயக்காரன் மாதப்பன் வீட்டில் வைத்தார்கள்.
கட்டாயமா என்கிறீர்.
முதல் வருஷம் கட்டாயம்.
ஆறாம் வருஷம் அவன் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது
விடிய விடிய நெற்றிக்குத் துணி நனைத்தேன்.
அதற்கு உம்மிடம் ஒரு சொல் இருந்தால் போட்டுக்கொள்ளும்.
என்னிடம் இல்லை.
இவள் கெம்பி, அவன் மகள். வயது எட்டு.

சமாதானம் என்று ஒருநாள் அனுப்பிவிட்டார்கள்.
வந்தால், என் நிலத்தில் முள்வேலி நிற்கிறது.
கள்ளி, கற்றாழை, கருவேல்,
பட்டணத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல்.
எதற்கு என்றேன்.
"குதிரைகள் மறுபடி வராமலிருக்க" என்றான் காவல் சிப்பாய்.
எனக்கு நடந்ததற்காக நட்டது.
என் மேலேயே நட்டிருக்கிறார்கள்.
வீட்டுமேடை வெளியே, கிணறு உள்ளே.
குடத்துக்கு ஒரு காசு கேட்கிறான்.

சாட்சி வேண்டுமா?
பதினாலு முழத்துக்குக் கீழே இருக்கிறது.
தூர் வாரச் சொல்லும்.

*

மறுபடி வந்திருக்கிறேன் அய்யா.
வாரினார்கள். நீரும் நின்று பார்த்தீர்.
பானை வந்தது, ஓட்டை இல்லாமல்.
அரிவாள் கையில் உதிர்ந்தது. பூண் அப்படியே.
எல்லாம் நான் சொன்னபடி என்று தலையசைத்தீர்,
"கும்பினி நிலத்தில் கிடைத்த பொருள்" என்று எழுதி
கச்சேரிக்குத் தூக்கிப்போனீர்.

பானை கேட்க வரவில்லை.
என் பெயருக்குப் பக்கத்தில்
"சிறைப்பட்டுத் திரும்பியவள்" என்று எழுதினீராமே,
அதில் திரும்பியவள் என்பதை அடித்துவிடும்.

வேலியில் ஆடு நுழைந்த சந்து ஒன்று இருக்கிறது.
அது எங்கே என்று கேட்காதீர்.
ராத்திரியில் கெம்பி குடத்தோடு போகிறாள்,
முதுகெல்லாம் கீறல்.
நேற்றுக் கிணற்றுக்குள் குனிந்து
"நீரு" என்று கூப்பிட்டாளாம்.
அது தமிழ்க் கிணறு,
நாங்கள் வெட்டியது.
"நீரு" என்றே பதில் சொன்னதாம்.

ரேகை எங்கே வைக்கணும்?